கதிரேசு வர்றாரு

ஜொகூரில் பாலோவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் கதிரேசுவின் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் உடனே வாயைத் திறக்கும். அழுவதற்கு அல்ல, சோற்றுருண்டையை வாங்கிக்கொள்வதற்கு. "வாயத் தொறக்கிறியா, கதிரேசுவக் கூப்பிடவா?" என்று தாய் கேட்டால் ஒரு வாய் இறங்கும். "அந்தா, குடை தெரியுது" என்றால் இரண்டு வாய். பிள்ளைக்கு வயிறு வலித்தால் இழைத்துக் கொடுக்கும் வசம்பைக்கூட இருட்டிய பிறகு பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள் அந்தப் பெண்கள். கதிரேசுவை மட்டும் எந்த நேரத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கதிரேசுவுக்கே இது தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, ஜொகூர் அரசாங்கத்தில் அம்மை குத்தும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சிகாமட்டில் வாசம். சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கு ரயிலில் போய், அங்கிருந்து சைக்கிளில் உள்ளே போவார். வெள்ளை டிரில் கோட்டு, கறுப்புக் குடை, மூக்கில் கண்ணாடி, மேலுதட்டில் இரு பக்கமும் முறுக்கிய மீசை, பின்சீட்டில் கட்டிய தகரப் பெட்டி. பார்க்கத்தான் இப்படி. பேசினால் குரல் பூனைக்குட்டியுடையது போலிருக்கும். எறும்பு வரிசையைக் கண்டால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிற மனிதர்.

வேலை இவ்வளவுதான். பிள்ளையின் மேற்கையைத் துடைத்து, மருந்தை ஒரு சொட்டு வைத்து, சின்னக் கத்தி முனையால் கீறிவிட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி போய், கீறின இடம் பொங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரைப் பார்த்து இரண்டு தடவை அலறும் வாய்ப்புக் கிடைத்தது. பிள்ளைகள் எப்போதும் அழும்தானே, அது அவற்றின் இயல்பு என்று கதிரேசு நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பாலோ தோட்டத்துக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார். தாய்மார் எல்லாரும் பால் வெட்டப் போயிருந்தார்கள். சைக்கிளைச் சாத்திவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகைப் பக்கம் நடந்தார். வரிசையாகத் தொங்கிய தூளிகளுக்கு நடுவில், கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அங்கம்மா ஒரு பையனை மடியில் இறுக்கிக்கொண்டு கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். பையன் உதட்டைப் பூட்டிக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்.

"இப்பக் குடிக்கிறியா இல்லியா? கதிரேசு வர்றாரு பாரு. கத்தியத் தீட்டிக்கிட்டு வர்றாரு. கஞ்சி குடிக்காத புள்ளைங்க கையத் துண்டா நறுக்கிப் பொட்டிக்குள்ள போட்டுக்குவாரு. அந்தப் பொட்டி நெறையக் கைதான்!"

கதிரேசு வாசலில் நின்றுவிட்டார். தன் கையிலிருந்த தகரப் பெட்டியை ஒருமுறை குனிந்து பார்த்தார். அவர் நிழல் கொட்டகைக்குள் விழுந்தது. பையன் நிமிர்ந்து பார்த்தான்.

அப்புறம் நடந்ததை அந்தத் தோட்டத்தில் வெகு காலம் பேசினார்கள். அந்தப் பையன் போட்ட சத்தத்தில் தூளியில் தூங்கின கைக்குழந்தைகள் எழுந்து ஆளுக்கொரு ராகம் எடுத்தன. நடக்கத் தெரிந்தவை பின்வாசல் வழியாக ஓடின. ஓடத் தெரியாதவை அங்கம்மாவின் சேலைக்குள் நுழைந்தன. காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், கொட்டகையில் தீப்பிடித்துவிட்டது என்று வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கதிரேசு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அங்கம்மா, ஏன் பிள்ளையளை இப்பிடி வெருட்டுறியள்?"

"நான் எங்கங்கய்யா வெரட்டுனேன்? நீங்க வந்து நின்னீங்க, அதுங்களாத்தான் ஓடுச்சுங்க!"

"அதில்லை, பயப்பிடுத்துறதைச் சொல்லுறன். நான் எப்ப கையை நறுக்கினனான்?"

அங்கம்மா வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கய்யா. ஒண்டி ஆளு நான், இத்தன புள்ளைங்க. பூச்சாண்டின்னு சொல்லிப் பார்த்தேன். எங்க, காட்டுன்னு கேக்குதுங்க. உங்களத்தான் அதுங்க கண்ணால பார்த்திருக்குதுங்க."

அன்று ரயிலில் திரும்பும்போது கதிரேசுவுக்கு மனசு ஆறவில்லை. எத்தனை தோட்டம், எத்தனை லயத்து வீடுகள்! அத்தனையிலும் தன் பெயரைச் சொல்லித்தான் சோறு இறங்குகிறது என்று நினைக்க அவருக்கே தன் பெட்டியைத் தொடப் பயமாக இருந்தது.

பெயரை மீட்டெடுப்பது என்று முடிவு செய்தார். முதலில் மீசை போனது. மீசையில்லாத முகத்தைப் பிள்ளைகள் அடையாளம் காணாமல் பக்கத்தில் வந்தன. கத்தி வெளியே வந்ததும் கண்டுகொண்டன. அதற்குப் பிறகு மீசையில்லாத ஆண்கள் யார் தோட்டத்துக்குள் வந்தாலும் அலறின. கணக்குப்பிள்ளை பாவம், புது மாப்பிள்ளை, மீசையை மழித்துக்கொண்டு ஊரிலிருந்து வந்த நேரம் அது.

அடுத்தது கற்கண்டு. பொட்டலம் கட்டிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு துண்டு கையில் கொடுத்து, சிரிக்கவைத்து, அதன் பிறகு கீறினார். பிள்ளைகள் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டுக்கொண்டன: கற்கண்டு வந்தால் பின்னாலேயே கத்தி வரும். மாரியம்மன் திருவிழாவில் பூசாரி தட்டில் கற்கண்டை வைத்து நீட்ட, ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் மொத்தமும் கோயிலைவிட்டு ஓடின.

"வேணாங்கய்யா" என்று அங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "இருக்கிற பயமே போதும். நீங்க நல்லது செய்யுறேன்னு வேற எதையும் கெடுத்துப்புடாதீங்க."

மீசையை மறுபடி வளர்த்துக்கொண்டார் கதிரேசு.

அதற்குள் ஊரிலிருந்து கடிதம் வந்து, லீவில் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு செல்லப்பாக்கியத்தோடு சிகாமட் திரும்பினார். செல்லப்பாக்கியம் சிரிப்புக்காரி. தான் சிரிப்பது போதாதென்று, எதிரே இருப்பவரும் சிரிக்கும்வரை விடமாட்டாள். தோட்டங்களில் தனக்கிருக்கும் கீர்த்தியைப் பற்றி அவளிடம் கதிரேசு மூச்சுவிடவில்லை. 'சனங்கள் நல்ல மரியாதை' என்று மட்டும் சொல்லிவைத்தார்.

மழைக் காலத்தில், ஆற்றுத் தண்ணீர் குவார்ட்டர்ஸ் படிக்கட்டுவரை ஏறி நின்ற சமயத்தில், மகன் பிறந்தான். சதாசிவம் என்று பெயர் வைத்தார்கள். பெயரின் முதல் பாதியைப் பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சதா அழுதான். பசித்தால் அழுதான், பால் குடித்த பிறகு அழுதான், தூக்கினால் அழுதான், கிடத்தினால் வேறு சுருதியில் அழுதான். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். பழைய சேலையில் ஏணை கட்டி ஆட்டினார்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா வந்து வயிற்றில் இளஞ்சூடாக எண்ணெய் தடவி, மந்திரம் போல என்னவோ முணுமுணுத்து ஊதினாள். ஊதும்போது நிறுத்தினான். அவள் படியிறங்கியதும் தொடங்கினான்.

ஒன்றுக்கு மட்டும் அடங்கினான். வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும்போது வாயை மூடிக்கொண்டு கண்ணைச் சுழற்றுவான். கடைசிப் பெட்டி போகும்வரை சத்தமே வராது. ஆனால் சிகாமட்டுக்கு அப்படி எத்தனை ரயில் வரும்? மற்ற நேரத்துக்குக் கதிரேசு ரயிலானார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி, வாயால் புகைவிட்டுக்கொண்டு ஓடினார். மூலை திரும்பும்போது "கூ...!" என்று ஊத வேண்டும். ஊத மறந்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அழுகை ஆரம்பிக்கும்.

"இஞ்சேருங்கோ, லாபீஸ் ஸ்டேசன் தாண்டியாச்சோ?" என்று குசினியிலிருந்து கேட்பாள் செல்லப்பாக்கியம்.

"பாக்கியம், பகிடியை விட்டிட்டு ஒருக்கா வந்து பிடி. எனக்கு மூச்சு வாங்குது."

"எஞ்சினுக்கு மூச்சு வாங்கினால் தண்ணி குடுக்கலாம். பயணத்தை நிப்பாட்டேலாதப்பா."

நடக்கத் தொடங்கியதும் அழுகை அடமாக வளர்ந்தது. கேட்டது கிடைக்காவிட்டால் சதாசிவம் முதலில் ஆட்களை ஒரு சுற்றுப் பார்ப்பான். பிறகு மெதுவாக, தலை அடிபடாத இடமாகப் பார்த்து, மல்லாந்து படுப்பான். உடம்பைப் பலகை மாதிரி விறைத்துக்கொள்வான். அதற்குப் பிறகு அவனைத் தூக்குவது முழுக் கதவைத் தூக்குவது போல.

சிகாமட் ரயில் மேடையில் ஒரு காலைப் பொழுது. குளுவாங்கில் ஒரு கல்யாணம். கதிரேசு பட்டு வேட்டியும் சால்வையுமாக, கோட்டும் குடையும் இல்லாமல், வேறு மனிதர் போல நின்றார். ரயில் வந்து நின்றது. கார்டின் கையிலிருந்த பச்சைக் கொடியைச் சதாசிவம் பார்த்தான்.

"அது வேணும்."

"அது மாமான்ரை கொடி ராசா. அது இல்லாட்டில் ரயில் போகாது."

சதாசிவம் ஒரு சுற்றுப் பார்த்தான். மேடை நிறையச் சனம். திருப்தியோடு படுத்தான்.

கதிரேசு கெஞ்சினார். சால்வையை நீட்டி இதுதான் கொடி என்றார். மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னார். பிள்ளையின் குரல் இன்னும் ஏறியது. பெட்டிகளின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கூடையோடு நின்ற தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, பிள்ளையின் காதருகே கையைக் குவித்துக்கொண்டு சொன்னாள்:

"அலமாக், இப்படியா அழுவுறது? இந்தா பாரு, கதிரேசு வர்றாரு! கைய நறுக்கிப்புடுவாரு!"

அழுகை நின்றது. சதாசிவம் தலையைத் தூக்கினான். அந்தப் பெண் வெற்றியோடு நிமிர்ந்தாள். சதாசிவம் விரலை நீட்டித் தகப்பனைக் காட்டினான்.

"அப்பா" என்றான். சொல்லிவிட்டு மறுபடி படுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அந்தப் பெண் கதிரேசுவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். "ஆத்தாடி!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடினாள்.

பலகையாய் விறைத்த பிள்ளையைத் தகப்பன் தலைப்பக்கமும் தாய் கால்பக்கமும் பிடித்து ரயிலில் ஏற்றினார்கள். ரயில் நகர்ந்த பிறகு செல்லப்பாக்கியம் மெல்லக் கேட்டாள்.

"ஏனப்பா, அந்த மனுசி ஆரைச் சொன்னவ?"

கதிரேசு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஆரோ ஒரு கதிரேசு."

"கை நறுக்கிற கதிரேசுவோ?"

வேறு வழியில்லை. கொட்டகையையும் கற்கண்டையும் கணக்குப்பிள்ளையின் மீசையையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, செல்லப்பாக்கியம் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். கல்யாணப் பந்தலில் தாலி கட்டுகிற நேரத்தில் திடீரென்று நினைவு வந்து 'க்ளுக்' என்றாள். அன்றிலிருந்து வீட்டில் கதிரேசு பாகற்காயை ஒதுக்கினால், "சாப்பிடுறியளோ, கதிரேசுவைக் கூப்பிடட்டோ?" என்பாள்.

மறு வருஷம் செல்லப்பாக்கியத்துக்கு இரண்டாவது பிரசவம். பெண் பிள்ளை. தாய் படுத்திருக்கிற வீட்டில் சதாசிவத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரசவத்துக்கு உதவியாக வந்த சொந்தக்காரப் பெண், இந்தப் பிள்ளையும் வீட்டில் இருந்தால் தான் ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அன்று பாலோ தோட்டத்தில் அம்மை குத்த வேண்டிய நாள். மேலதிகாரிக்குத் தெரிந்தால் கேள்வி வரும். தெரியவா போகிறது என்று, மகனைச் சைக்கிள் பாரில் ஒரு துண்டைக் கட்டி உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார்.

கொட்டகை முன்னால் தாய்மார் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள். பிள்ளைகளும் தயாராகவே இருந்தன. குடை தெரிந்ததும் தொடங்கலாம் என்று மூச்சை இழுத்து வைத்திருந்தன. குடைக்குக் கீழே இன்னொரு தலை தெரிந்தது. இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

கதிரேசு பெட்டியைத் திறந்தார். சதாசிவத்துக்குக் கத்தி பளபளப்பாகத் தெரிந்தது.

"அது வேணும்."

"ஐயோ ராசா, கூடாது."

"அது வேணும்!"

கதிரேசு பெட்டியைச் சட்டென்று மூடினார். மகன் ஒரு சுற்றுப் பார்ப்பதைக் கண்டார். படுக்க இடம் தேடுவதையும் கண்டார். "என்ரை குஞ்செல்லே, என்ரை சிங்கமெல்லே" என்று தாவாயைத் தொட்டார். சிங்கம் மல்லாந்து படுத்துக் கர்ஜித்தது. தூக்கப் போனவரின் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. மீசையின் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. இழுத்த இழுப்புக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு, "ஆ, ஆ, விடடா, நோகுதடா" என்று அரசாங்க உத்தியோகஸ்தர் கெஞ்சினார்.

கொட்டகையில் ஒரு பிள்ளையும் அழவில்லை. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. காளியம்மா என்கிற சிறுமி தாயின் இடுப்பிலிருந்து கேட்டாள்: "ஆத்தா, கதிரேசுவ ஏன் அவன் அழ வைக்கிறான்?"

அங்கம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

"என்ன கேக்குறான், கேளுங்கய்யா!" என்று கத்தினாள் ஒருத்தி.

"ஆனை!" என்றான் சதாசிவம். கத்தி இல்லையென்றால் யானை. வீட்டில் ரயிலுக்கு அடுத்து வந்த வாகனம் அது.

கதிரேசு சுற்றிலும் பார்த்தார். ஒளிய இடமில்லை. கோட்டின் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக்கொண்டு, கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றினார். சதாசிவம் முதுகில் ஏறி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டான். யானை கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றியது. தும்பிக்கை தூக்கிப் பிளிறியது. ஐயாவைத் தேநீருக்குக் கூப்பிட வந்த கணக்குப்பிள்ளை வாசல்வரை வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

இரண்டாம் சுற்றில் காளியம்மா இறங்கி வந்து, தன்னையும் ஏற்றச் சொன்னாள்.

அன்று அம்மை குத்தி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. யானை ஏறின பிள்ளைகள் கையை நீட்டின. கீறினபோது எல்லாம் ஒழுங்காக அழுதன, அதில் குறைவில்லை. ஆனால் அழுதுகொண்டே மறுபடி வரிசையில் போய் நின்றன.

கதிரேசுவுக்குக் கொஞ்ச நாள் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த தடவை போனபோது தாய்மார் நான்கைந்து பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள். அங்கம்மா முன்னால் வந்தாள்.

"ஐயா, எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க."

"ஏன், என்ன நடந்தது?"

"சோறு எறங்க மாட்டேங்குது. கதிரேசு வர்றாருன்னா, எங்க எங்கன்னு தட்டத் தட்டிவிட்டுட்டு வாசலுக்கு ஓடுதுங்க. ஆன வருதாம்!"

"நீங்க ஒரு தரம் அதட்டிட்டுப் போங்கய்யா" என்றாள் இன்னொருத்தி. "கண்ண உருட்டி, பலமா. ஒரே தரம் போதும்."

தன்னால் கெட்ட காரியம் தன்னாலேயே சரியாகட்டும் என்று கதிரேசு கொட்டகைக்குள் போய் நின்றார். கண்ணை உருட்டினார். "டேய்!" என்றார். பூனைக்குட்டிக் குரல் நடுவில் உடைந்து கீச்சென்றது. பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தன. "இன்னொருவாட்டி!" என்று கேட்டன.

அங்கம்மா வேறு பெயர்களைத் தேடினாள். கங்காணியின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதுக்குப் போய்ச் சண்டையானது. கடைசியில், யானை வந்த அன்று பிள்ளைகளின் தட்டில் இருந்ததைப் பிடுங்கித் தின்ற ஒரு பொடியன் எல்லார் மனசிலும் பதிந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தாள். "சீக்கிரம் தின்னு, சதாசிவம் வர்றான்" என்றால் தட்டு காலியாயிற்று. இதைக் கதிரேசு வீட்டில் சொன்னபோது, "வேலை தகப்பனிட்டையிருந்து பிள்ளைக்கு வந்திட்டுது, பென்சன்தான் இல்லை" என்றாள் செல்லப்பாக்கியம்.

மகள் செல்வராணி நேர் எதிராக இருந்தாள். அழவே மாட்டாள். பசித்தால் விரலைச் சப்பிக்கொண்டு யோசிப்பாள். பிள்ளை அழாமலிருந்தால் அதற்கென்று ஒரு கவலை வந்தது கதிரேசுவுக்கு. பகலில் அவள் தூங்கும்போது உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்து, செல்லப்பாக்கியத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவளுக்கு அம்மை குத்தும் நாளும் வந்தது. வேறொருவரைக் கொண்டு குத்தலாம் என்றார். செல்லப்பாக்கியம் விடவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பட்டென்று கீறுகிறவர், மகளின் கையை மூன்று தடவை துடைத்த பிறகுதான் கீறினார். செல்வராணி கத்தியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். கதிரேசுவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"இஞ்சேருங்கோ, பிள்ளை அழேல்லை. நீங்கள் ஏன் அழுறியள்?"

அதற்குள் சதாசிவம் வந்துவிட்டான். தனக்கும் கீற வேண்டும் என்றான். அவனுக்கு முன்பே குத்தியாகிவிட்டது, தழும்புகூட இருக்கிறது என்று கதிரேசு சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். தழும்பு வேண்டாம், இப்போது கீற வேண்டும் என்று அவன் இடம் பார்த்துப் படுத்தான்.

கதிரேசு குனியப் போனார். செல்லப்பாக்கியம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கோ. பாக்கிறதுக்கு ஆளிருந்தால்தானே கூத்து? இப்பிடித் திரும்பி இருங்கோ. சோறு போடுறன். கதை சொல்லுங்கோ, இண்டைக்கு ரயிலிலை ஆர் வந்தது?"

இரண்டு பேரும் மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வீடு இடிந்தது. கதிரேசுவுக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. இருந்தாலும் மனைவி கேட்கக் கேட்க, ரயிலில் வந்த ஆட்டுக்காரரைப் பற்றியும், பெக்கோக்கில் இறங்கின ஆட்டைப் பற்றியும் ஏதேதோ சொன்னார். சத்தம் கொஞ்சம் இறங்கியது. நின்றது. மறுபடி ஒரு தடவை, சோதித்துப் பார்ப்பது போல, எழுந்தது.

"திரும்பாதையுங்கோ" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள் செல்லப்பாக்கியம். "ம், ஆடு இறங்கினது. பிறகு?"

தரையில் கை தேயும் ஓசை கேட்டது. சதாசிவம் தவழ்ந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்தான். மூக்கைத் தாயின் சேலையில் துடைத்தான். தகப்பனின் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

"ஆடு எங்கை போனது?" என்று கேட்டான்.